அம்புக்குறியாரும் நானூற்றுப் பன்னிரண்டு மனுக்களும்

அந்த வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகத்தில் அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளியே உதட்டைப் பிதுக்குவார். "அம்புக்குறியார் எங்க இருக்கார்?" என்று கேட்டால் போதும், படிக்கட்டுக்கு அடியிலிருக்கும் அறையை நோக்கி நாலு கைகள் நீளும். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்பு துடைப்பமும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்த இடம் அது. கூரை சாய்வாக இறங்கும். யாராவது மாடி ஏறினால் தலைக்கு மேல் தடதடவென்று கேட்கும். மனிதர் குள்ளம்தான், ஆனாலும் அவசரமாக எழுந்தால் அவருக்கே மண்டை இடிக்கும். பதினைந்து வருடமாக அந்த இடியை வாங்கிக்கொண்டு, அலுவலகத்தின் ஒரே கணினி நிரல் எழுதுபவராகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அலுவலகத்தின் வேலை ஒரு வரியில் அடங்கிவிடும். அரசு கட்டும் அடுக்குமாடி வீடுகளுக்கு மனுப்போட்டவர்கள் காத்திருப்பார்கள். முதலில் மனுக்கொடுத்தவருக்கு முதலில் வீடு. அவ்வளவுதான் விதி. இந்த ஒரு வரி விதியைக் காப்பாற்ற மூன்று மாடிகளும் நாற்பத்தாறு ஊழியர்களும் தேவைப்பட்டார்கள்.

நம் ஆளுக்கு வரிசை என்றால் சின்ன வயசிலிருந்தே ஒரு பித்து. பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்கச் சொன்னால் அவர்தான் முதல். பெயர்ப்படி கூப்பிட்டால் அவர் கடைசி. மதிப்பெண்படி உட்கார வைத்தால் நட்டநடுவில் ஜன்னல் இல்லாத பெஞ்சு. ஒரே பையன், ஒரே வகுப்பு, மூன்று இடம். எதை வைத்து வரிசை போடுகிறார்கள் என்பதில்தான் மனுஷனுடைய தலையெழுத்தே இருக்கிறது என்று பத்து வயதில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு சும்மா இருந்தாரா? எதிரே வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் கல்யாணத்தன்று புகைப்படம் எடுக்கும்போது சொந்தக்காரர்களை உயரப்படி நிறுத்தப்போய், பெண்ணின் தாய்மாமன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அந்தத் தாய்மாமன் இன்றுவரைக்கும் இவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

வீடு என்று சொல்கிறோமே, அது வாடகைக்குப் பிடித்த இரண்டாம் மாடி இரண்டு அறை. குளியலறை கீழ்த்தளத்துக்காரர்களோடு பங்கு. மழைக்காலத்தில் கூரை ஒழுகும், அதுவும் சரியாகக் கட்டிலின் தலைமாட்டில். பத்து வயது மகள் சலவை இயந்திரத்தின் மேல் புத்தகத்தை விரித்துவைத்து நின்றுகொண்டே வீட்டுப்பாடம் எழுதுவாள். இயந்திரம் ஓடும் நாட்களில் அவள் கையெழுத்து எந்த ஆசிரியைக்கும் புரியாது.

அவரும் ஒரு வீட்டுக்கு மனுப்போட்டிருந்தார். ஊழியர்களும் போடலாம், ஆனால் எல்லாரோடும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். பதினொரு வருடத்துக்கு முந்தைய மனு. மனைவி டிசம்பர் ஒன்றாம் தேதியே படிவத்தை வாங்கிவந்து மேஜையில் வைத்தார். அம்புக்குறியார் சும்மா கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற ஆளா? முதல் படிவத்தில் மை கசிந்துவிட்டது என்று கிழித்தார். இரண்டாவதில் முகவரி கட்டத்துக்கு வெளியே அரை அங்குலம் நீண்டுவிட்டது. மூன்றாவது படிவம் மனதுக்குப் பிடித்து, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தேதி முப்பத்தொன்று, மணி ஐந்து அடிக்க இரண்டு நிமிடம்.

"ஒரு மாசம் போச்சு," என்றார் மனைவி.

"வீடு கட்டவே பத்து வருஷம் ஆகும். ஒரு மாசம் என்ன பெரிசு?" என்றார் இவர்.

பத்து வருடம் என்றது பதினொன்றானது. கடைசியில் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் முப்பத்தெட்டு வீடுகள் எழும்பின. காத்திருந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் இவர் இருபத்தொன்பதாவது. அதாவது சந்தேகத்துக்கு இடமே இல்லை. மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் போய் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவார். காவல்காரரிடம் நல்லவிதமாகப் பேசி, ஒரு வீட்டைத் திறக்கச்சொல்லி, நாடா வைத்து ஜன்னலை அளந்துவந்து, மூன்று ஜன்னலுக்கும் திரை தைத்துப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டார். மகளுக்கு ஒரு மேஜை வாங்குவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. எந்த ஜன்னல் பக்கம் போடுவது என்பதில் அம்மாவுக்கும் மகளுக்கும் தினமும் வாக்குவாதம் நடந்தது.

இப்படி எல்லாம் நல்லபடியாக இருந்தபோதுதான் புது இயக்குநர் அம்மா வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே படிக்கட்டுக்கு அடியில் குனிந்து எட்டிப்பார்த்தார்.

"ஏன் சார், இந்தப் பட்டியல் ஏன் ஒரே மாதிரியே கிடக்கு? ஒருத்தர் வந்து பேரைச் சொன்னா மேலேர்ந்து கீழ வரைக்கும் தேட வேண்டியிருக்கு. பேர்ப்படி பார்க்க முடியாதா? குடும்பத்துல எத்தனை பேர்னு பார்க்க முடியாதா?"

நியாயமான கேள்விதான். பழைய திரையில் மனுக்கள் பதிவான வரிசையிலேயே வரும். வேறு எந்த வரிசையிலும் வராது. அம்புக்குறியார் பதினைந்து வருடமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் தவம் கிடந்தார். யாருமே கேட்கவில்லை. இப்போது கேட்டதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்த வேகத்தில் கூரையில் இடித்துக்கொண்டு, "மூணே நாள் மேடம்," என்றார்.

சொன்னபடி மூன்றே நாளில் முடித்தார். அதில் குறை சொல்ல முடியாது. பெயர், வயது, குடும்ப எண்ணிக்கை, வசிக்கும் பகுதி, மனுத் தேதி என்று திரையில் எத்தனை தலைப்பு உண்டோ அத்தனையையும் சொடுக்கலாம். ஒரு தடவை சொடுக்கினால் தலைப்புக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி முளைக்கும், பட்டியல் சின்னதிலிருந்து பெரிசாக அடுக்கப்படும். இன்னொரு தடவை சொடுக்கினால் அம்பு கீழ்நோக்கித் திரும்பும், பட்டியல் தலைகீழாகும். அந்த அம்பை வரையவே ஒரு முழு நாள் எடுத்துக்கொண்டார். போதாததற்கு, கடைசியாக யார் எப்படி அடுக்கினார்களோ அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவருக்கும் அப்படியே காட்டும் வசதி. இது யாரும் கேட்காதது, அவரே ஆசைப்பட்டுச் சேர்த்தது. அன்றிலிருந்துதான் அவருக்கு அம்புக்குறியார் என்று பெயர் விழுந்தது. கேலிக்கு வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார்.

பெயரைச் சொடுக்கிப் பார்த்தார், சரியாக வந்தது. வயதைச் சொடுக்கிப் பார்த்தார், சரி. மனுத் தேதியை மட்டும் சொடுக்கிப் பார்க்கவில்லை. பட்டியல் ஏற்கெனவே தேதிப்படிதானே கிடக்கிறது, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

தலைமை எழுத்தர் வந்து பார்த்தார். முப்பது வருட அனுபவசாலி. எந்தத் தாளிலும் ஓரத்துக் கோடு நேராக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தே பதவி உயர்வு வாங்கியவர். பெயர்த் தலைப்பைச் சொடுக்கிவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, வரிசை எண் இருநூத்திப் பதினேழு, அப்புறம் நாப்பத்தி நாலு, அப்புறம் ஒம்பதுன்னு குதிக்குது? அசிங்கமா இருக்கே."

"அது அவங்களோட உண்மையான இடம் சார். பேர்ப்படி அடுக்கினாலும் அவங்க இடம் மாறக் கூடாது இல்லையா? அதான் எண்ணும் கூடவே போகுது."

"இடமாவது ஒண்ணாவது. மேலேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வந்தாத்தான் பட்டியல். பார்க்கிறவங்க சிரிப்பாங்க."

அம்புக்குறியாருக்கு இது தப்பு என்று நன்றாகவே தெரியும். எப்படி அடுக்கினாலும் மேலே நிற்பவருக்கு ஒன்று என்று எண் கொடுத்தால், அப்புறம் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? ஆனால் மறுநாள் இயக்குநர் அம்மா எல்லார் முன்னிலையிலும் பாராட்டப்போகிறார் என்று செய்தி கசிந்திருந்தது. இந்த நேரத்தில் தலைமை எழுத்தரோடு மல்லுக்கட்டுவானேன்? அரைமணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். பழைய எண் திரையிலிருந்து மறைந்தது. யாரைச் சொடுக்கி மேலே கொண்டுவந்தாலும் அவர் ஒன்றாம் எண்.

அதற்கப்புறம் அலுவலகத்தில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. மொத்த ஊழியர்களும் சொடுக்கினார்கள். முதல் மாடிக்காரர் தன் மச்சானின் பெயர் எந்தத் தலைப்பில் மேலே வருகிறது என்று ஒவ்வொன்றாக முயன்று, வயதுத் தலைப்பில் ஆறாவதாக வந்ததும் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். இரண்டாம் மாடி அம்மா பகுதித் தலைப்பைச் சொடுக்கித் தன் தெருக்காரர்களை எல்லாம் ஒரே கொத்தாக மேலே கொண்டுவந்து அச்செடுத்து வைத்துக்கொண்டார். விசாரிக்க வந்த பொதுமக்களும் விவரம் தெரிந்துகொண்டு, "குடும்பத்தை அமுக்குங்க சார், எங்க வீட்ல ஒம்பது பேர்," என்று சன்னல் வழியாக யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவரும் ஒன்றாம் எண்ணோடு சந்தோஷமாகப் போனார்கள்.

சந்தோஷப்படாதவர் ஒருவர்தான். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். பட்டியலில் உண்மையிலேயே முதல் ஆள் அவர். கடைசியாக வீடு கொடுத்தது பதிமூன்று வருடத்துக்கு முன்னால், அதில் ஒரே ஒரு இடத்தில் தவறவிட்டவர். அன்றிலிருந்து திங்கட்கிழமைதோறும் வந்து திரையில் தன் பெயர் முதலில் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

"தம்பி, போன வாரம் நூத்தி முப்பதுல இருந்தேன். இந்த வாரம் முன்னூத்தி எட்டுங்கறாங்க. நான் எங்கயும் போகலையே, வீட்லதான இருந்தேன்?"

"அது வெறும் பார்வைக்கு ஐயா. உள்ள நீங்க எப்பவும் ஒண்ணாம் நம்பர்தான்," என்றார் அம்புக்குறியார்.

"உள்ளன்னா எங்க?"

அவர் கணினிப் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். ஓட்டுநர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

ஒதுக்கீட்டு ஆணையில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது, ஒரு வியாழக்கிழமை காலை. கூட்ட அறையில் இருபது பேர். சுவரில் பெரிய திரை. பட்டியலின் முதல் முப்பத்தெட்டு பெயர்களை அச்செடுத்து இயக்குநர் அம்மா கையெழுத்திட வேண்டும், அதுதான் ஆணை. திரையைப் போட்டதும் முதல் பெயருக்கு நேரே வயது பத்தொன்பது என்று நின்றது. யாரோ கடைசியாக வயதைச் சொடுக்கியிருந்தார்கள்.

"இது எந்த வரிசை?" என்று கேட்டார் இயக்குநர் அம்மா.

யாருக்கும் தெரியவில்லை. தலைமை எழுத்தர் ஓரத்துக் கோடு நேராக இருக்கிறதென்று திருப்தியாக இருந்தார். அப்போது அம்புக்குறியார் எழுந்து நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலை எதிலும் இடிக்கவில்லை.

"விதி மனுத் தேதிதான் மேடம். எத்தனை விதமா வேணாலும் பார்க்கலாம், ஆனா வீடு குடுக்கிறது தேதிப்படிதான். ஒரே ஒரு கிளிக்." நடந்து போய், இருபது பேரும் பார்க்க, மனுத் தேதி என்ற தலைப்பைச் சொடுக்கினார். அம்பு மேல்நோக்கி முளைத்தது. பட்டியல் ஒரு குலுக்கில் மாறியது.

"மேல்நோக்கின அம்புன்னா பழசுலேர்ந்து புதுசு. அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

சொல்லிவிட்டுத்தான் அவரே திரையைப் பார்த்தார். ஒன்றாம் எண்ணுக்கு எதிரே யாரோ ஒரு அம்மாள், ஓட்டுநர் இல்லை. நாலாவது ஆள் இந்த வருடம்தான் மனுக்கொடுத்தவர். எல்லாத் தேதிகளும் 01 என்று தொடங்கின. பிறகு 02. அடியில் 03. காரணம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் பழைய இயக்குநர், தேதி காகிதப் பேரேட்டில் இருப்பது மாதிரியே தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இவரும் தேதியைத் தேதியாக வைக்காமல் வெறும் எழுத்தாகவே கணினியில் வைத்துவிட்டார். நாள், கோடு, மாதம், கோடு, வருடம். கணினிக்கு அது தேதியே இல்லை. அகராதி பார்ப்பது போல முதல் எழுத்திலிருந்து ஒப்பிட்டுக்கொண்டு போகும். ஒன்றாம் தேதிக்காரர்கள் எந்த வருடத்தவரானாலும் முன்னால் வருவார்கள். வருடம் கடைசியில் கிடப்பதால் அதை அது ஏறெடுத்தும் பார்க்காது. டிசம்பர் முப்பத்தொன்றில் மனுக்கொடுத்தவன் எங்கே நிற்பான் என்பதைக் கீழே போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து இயக்குநர் அம்மா சொன்னார்: "இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒழுங்கை நான் எந்த ஆபீஸ்லயும் பார்த்ததில்லை. சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். தலைமை எழுத்தர்கூடத் தட்டினார். இப்போது போய், அது தேதி வரிசை இல்லை, நான் செய்த தப்பு என்று இருபது பேர் நடுவில் சொல்ல வேண்டும். அம்புக்குறியார் திறந்த வாயால் "நன்றி மேடம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மத்தியானம் தனியாகச் சொல்லிச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். இதுதான் அந்த மனுஷனின் லட்சணம். முப்பத்தெட்டு குடும்பத்தின் வீடு ஒரு கைதட்டலுக்குப் போனது, அதில் ஒன்று அவருடையது.

மத்தியானம் தலைமை எழுத்தரிடம் போனார். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கையெழுத்து விழுந்தாச்சேய்யா."

"சார், முதல் ஆளே தப்பு சார்."

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சரியாத்தானே இருக்கு?"

இயக்குநர் அம்மாவிடம் போனார். அந்த அம்மா கெட்டவர் இல்லை, பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல உங்க பேரு இல்லை போலிருக்கே?"

"இல்லை மேடம். நான் இருபத்தொம்பதாவது வரணும்."

"சார், காலைல பக்கத்துலதானே நின்னீங்க? பழசுலேர்ந்து புதுசான்னு உங்களைக் கேட்டுத்தானே கையெழுத்துப் போட்டேன்? அப்ப ஆமான்னீங்க. இப்ப உங்க பேரு வரலைன்னதும் தப்புங்கறீங்க. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அப்ப நிரலையாவது திருத்திடறேன் மேடம். பதினஞ்சு நிமிஷ வேலை."

"இப்ப திருத்தினா தப்பு இருந்துச்சுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். கொஞ்ச நாள் தொடாதீங்க. ஆறட்டும்."

வீட்டில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் பட்டியல் ஒட்டவில்லை என்று மூன்று நாள் மழுப்பினார். நாலாம் நாள் திங்கட்கிழமை, மனைவி தானே கிளம்பிவந்து அறிவிப்புப் பலகை முன்னால் நின்றார். பக்கத்தில் ஓட்டுநர். சுற்றிலும் ஒரு கூட்டம். மனைவி பெயர்களை ஒரு தடவை படித்தார். தேதிகளை ஒரு தடவை படித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணாம் தேதியா இருக்கு. வருஷம் முன்னே பின்னே கிடக்கு," என்றார், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கிற மாதிரி. கணவர் பதினைந்து வருடமாகப் பார்க்காததை இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டு, படிக்கட்டு அறைப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் விசாரணை.

"நாம எத்தனையாவது?"

"நானூத்திப் பன்னெண்டு."

"மொத்தம் எத்தனை பேரு?"

"நானூத்திப் பன்னெண்டு."

மகள் சலவை இயந்திரத்தின் மேலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டாள்.

"ரெண்டாந்தடவை அமுக்கினா தலைகீழாத் திரும்பும்னு பெருமையாச் சொன்னீங்களே. அன்னைக்கு இன்னொரு தடவை அமுக்கியிருந்தா?"

அவர் அதை யோசிக்காமல் இல்லை. மூன்று நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "நாம முதல்ல வந்திருப்போம். ஆனா அது தப்பும்மா."

"ஒரு தடவை அமுக்கினது சரியா?"

மனைவி பெட்டியைத் திறந்து அந்த மூன்று திரைகளில் ஒன்றை எடுத்து, கட்டிலுக்கும் சலவை இயந்திரத்துக்கும் நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டார். மகளுக்கு ஒரு மறைவு ஆயிற்று. ஜன்னலுக்கு அளந்த துணி என்பதால் தரைக்கு எட்டவில்லை.

பலகை முன்னால் மனைவி சொன்ன ஒரு வாக்கியம் அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவந்துவிட்டது. ஒன்றாம் தேதி மனுக்கொடுத்தால்தான் வீடு. இதில் இரகசியம் ஒன்றுமில்லை, அரசாங்கமே கையெழுத்துப் போட்டு ஒட்டியிருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் நாற்பது வீடு வரப்போகிறது என்றும் அறிவிப்பு வந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி காலை, அலுவலகம் திறப்பதற்கு முன்பே வரிசை தெருமுனை திரும்பி நின்றது. கூட்டம் தாங்காமல் அம்புக்குறியாரையும் மனு வாங்கும் சன்னலில் உட்கார வைத்தார்கள்.

முதலில் நின்றவர் ஓட்டுநர். கையில் புது மனு, கூடவே பழைய மனுவை ரத்து செய்யச் சொல்லி ஒரு தாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு மனுதான் அனுமதி.

அம்புக்குறியார் சன்னலோடு முகத்தை ஒட்டி மெதுவாகச் சொன்னார்: "ஐயா, பழசை ரத்து பண்ணாதீங்க. பதினாலு வருஷம் இருக்கு அதுல. நான் சரிபண்ணிடுவேன். பதினஞ்சு நிமிஷ வேலைதான்."

"எப்ப தம்பி?"

அவர் மாடிப் படிக்கட்டைப் பார்த்தார்.

"பதினாலு வருஷமா எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நானும் ஒண்ணாம் நம்பராத்தான் இருந்தேன். வீடு வந்துச்சா?" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் தாளை உள்ளே தள்ளினார். "தேதியைச் சரியாப் போடுங்க. பூஜ்யம், ஒண்ணு."

வரிசையில் பதினேழாவதாக மனைவி நின்றார். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படிவத்தில் மை கசிந்திருந்தது. முகவரி கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதியிருந்தார்.

"நம்ம பழைய மனுவை ரத்து பண்ணிட்டா, சரியான வரிசையில நாம கடைசிக்குப் போயிடுவோம்," என்றார் அம்புக்குறியார்.

"சரியான வரிசை எங்க இருக்கு? காட்டுங்க."

அவர் கை தன்னை அறியாமல் கணினிப் பெட்டியைத் தொட்டது. மனைவி சிரிக்கவில்லை. "பின்னாடி நிக்கிறவங்க காத்திருக்காங்க," என்றார்.

அம்புக்குறியார் பழைய மனுவைத் திரைக்குக் கொண்டுவந்தார். முப்பத்தொன்று, பன்னிரண்டு. நிச்சயமாக நீக்கவேண்டுமா என்று அவரே எழுதிவைத்த கேள்வி நடுவில் வந்து நின்றது. ஆம் என்பதைச் சொடுக்கினார். புது மனுவுக்குப் பூஜ்யம், ஒன்று என்று தட்டினார். அன்றைக்கு மட்டும் அப்படி இருநூற்று எண்பது பேருக்குத் தட்டினார்.

கூட்டம் கலைந்தபின் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். நிரலைத் திறந்தார். எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். இயக்குநர் அம்மா சொன்ன கொஞ்ச நாளும் முடிந்திருந்தது. ஒரு நிமிடம் விரல் அங்கேயே நின்றது. இப்போது திருத்தினால் பட்டியல் நியாயமாகிவிடும். அந்த நியாயத்தில் ஓட்டுநரும் மனைவியும் பட்டியலின் அடியில் போய் விழுவார்கள், கூடவே அந்த இருநூற்று எண்பது பேரும். ஒரு எழுத்தையும் தொடாமல் நிரலை மூடினார்.

தலைமை எழுத்தர் வீட்டுக்குக் கிளம்பியவர் குனிந்து எட்டிப்பார்த்தார். "என்னய்யா, ஏதோ சரிபண்ணணும்னு குதிச்சியே, பண்ணிட்டியா?"

"ஒண்ணும் பண்ண வேண்டியதில்லை சார்," என்றார் அம்புக்குறியார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு."